விளக்கேற்றி அமர்ந்த பின்னும் வரும் கோபம்: வாசகர் கேள்வி – பதில்

தியானமோ ஜெபமோ பூசையோ செய்யும் வேளையில் கோபமும் துக்கமும் அச்சமும் கிளம்பினால் என்ன செய்கிறீர்கள் என்று எழுதும்படி சென்ற இதழில் வாசகர்களைக் கேட்டிருந்தேன். சேலத்திலிருந்தும் சேர்வராயன் மலையிலிருந்தும் வந்த கடிதங்கள் நான் எதிர்பார்த்ததைவிட மனம் திறந்தவையாக இருந்தன. அவற்றுள் ஐந்தை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்துவிட்டு, கடிதங்களைச் சற்றுச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: நாங்கள் கைத்தறி நெசவுக் குடும்பம். 11 ஆண்டுகளாக மனவளக்கலை மன்றத்தில் சேர்ந்து காலையும் மாலையும் தவம் செய்து வருகிறேன். பாவும் நூலும் கொடுக்கும் முதலாளி கூலியை மாதக்கணக்கில் இழுத்தடித்தாலும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை. அந்த அளவுக்குப் பொறுமை வந்திருக்கிறது. ஆனால் தவம் முடிந்து எழுந்து அரை மணி நேரம் ஆவதற்குள், 10-ஆம் வகுப்பு படிக்கும் மகள் மீது எரிந்து விழுகிறேன். போன வாரம் அவள், "கண்ணை மூடி உட்கார்ந்து என்னம்மா பிரயோசனம்?" என்று கேட்டுவிட்டாள். மன்றத்தில் இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. 11 ஆண்டுகளும் வீண்தானா, அம்மா?
– ஒரு வாசகி, அம்மாபேட்டை

பதில்: வீணில்லை, சகோதரி. ஆனால் உங்கள் மகள் கேட்டதும் தவறான கேள்வியில்லை. அமர்ந்திருக்கும் நேரத்துக்குத் தவம் அமைதியைத் தருகிறது. அந்த அமைதி தானாகவே எழுந்து நம்முடன் அடுப்படிக்கும் தறிக்கும் வந்துவிடும் என்று நாமாக நம்பிக்கொள்கிறோம். நீங்கள் பின்பற்றும் நெறியை வகுத்த வேதாத்திரி மகரிஷி (1911–2006) அப்படி நம்பவில்லை. கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து தறியோடு வளர்ந்த அவர், தவத்துக்குப் பக்கத்திலேயே, தன் மனத்தைத் தானே ஆராயும் அகத்தாய்வைத் தனியாக வைத்து, அதில் சினம் தவிர்த்தலுக்கும் கவலை ஒழித்தலுக்கும் தனித்தனிப் பயிற்சிகளை அமைத்தார். தவம் ஒன்றே போதுமென்றால் அவருக்கு அந்த வேலை இருந்திருக்காது. நம்மில் பலரோ தவத்தை மட்டும் வைத்துக்கொண்டு அகத்தாய்வை மெல்ல விட்டுவிடுகிறோம். தவம் இனிக்கிறது, ஒரு தாளை எடுத்து, இந்த வாரம் யார் மீது, எதற்காக, எத்தனை முறை சினந்தேன் என்று எழுதுவது இனிப்பதில்லை. கடைசியாக எப்போது அப்படி எழுதினீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதலாளியைப் பற்றிய வரியில்தான் ஒவ்வொரு முறையும் நின்றேன். திருக்குறளின் வெகுளாமை அதிகாரம் தொடங்குவதே அந்த இடத்தில்தான்: தன் சினம் செல்லுபடியாகும் இடத்தில் அதைக் காப்பவனே காப்பவன், செல்லுபடியாகாத இடத்தில் காத்தால் என்ன, காக்காவிட்டால் என்ன என்று வள்ளுவர் கேட்கிறார். முதலாளியிடம் உங்கள் சினம் செல்லாது, மகளிடம் செல்லும். மேலே பேச முடியாமல் விழுங்கியது கீழே இருக்கும் குழந்தையின் தலையில் இறங்குகிறது என்றே எனக்குப் படுகிறது. முதலாளியிடம் நீங்கள் காட்டுவதைப் பொறுமை என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் எவ்வளவு பொறுமை, எவ்வளவு அச்சம் என்பதை உங்களால்தான் சொல்ல முடியும். உழைத்த கூலியைக் கேட்பது சினமாகாது. பக்கத்து வீட்டுத் தறிக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல், தேதியைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். இதுவும் சாதனைதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆன்மிகத்தின் பெயரால் நியாயமான கோபத்தைப் புதைக்கச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இனி, கோபம் கிளம்பும் அந்த நொடிக்கு வருவோம். தறியில் இழை அறுந்தால் என்ன செய்கிறீர்கள்? அறுந்தது தெரியாதது போல நாடாவை ஓட்டினால் துணி நெடுக அந்த இடம் கோடாக விழும் என்று உங்களுக்குத் தெரியும். ஆகவே தறியை நிறுத்துகிறீர்கள், குனிந்து அறுந்த இரண்டு முனைகளையும் தேடிப் பிடித்து முடிகிறீர்கள், பிறகுதான் மிதிக்கட்டையில் காலை வைக்கிறீர்கள். அறுந்த இழையை யாரும் திட்டுவதில்லை. கோபம் எழும்போதும் முதலில் செய்ய வேண்டியது நிறுத்துவதுதான். அது உடம்பில் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள்: சிலருக்குத் தாடை இறுகும், சிலருக்கு நெஞ்சு சுடும், சிலருக்கு உள்ளங்கை வியர்க்கும். அந்த இடத்தில் கவனத்தை வைத்து, உள்ளே இழுக்கும் மூச்சைவிட வெளியே விடும் மூச்சு நீளமாக இருக்கும்படி மூன்று முறை மூச்சு விடுங்கள். மூச்சு நீளமாக வெளியேறும்போது இதயத் துடிப்பு தணியும். இது உடம்பின் இயல்பு, எந்த நெறியையும் சார்ந்ததன்று. கோபத்தை விரட்டவும் வேண்டாம், அது சொல்லும் கதைக்குத் தலையாட்டவும் வேண்டாம்.

புத்தர் பிக்குகளுக்குச் சொன்ன மனக் கவனிப்பும் இதுதான்: கோபமுள்ள மனத்தைக் கோபமுள்ள மனம் என்று அறிவது, அதற்கு மேல் ஒன்றும் சேர்க்காமல் இருப்பது. நம் ஊர்ப் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்று தலைமுறைகளாக வழிபட்டுவந்த சிலை புத்தருடையது என்று, தொல்லியல் துறையின் ஆய்வறிக்கையை ஏற்று 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியபோது, நான் இதைத்தான் நினைத்துக்கொண்டேன். உக்கிர தெய்வம் என்று நாம் அஞ்சி நின்ற உருவம், பதறாமல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் உருவமாக இருந்திருக்கிறது.

எனக்கும் இது எளிதில் வரவில்லை. பாகப்பிரிவினைக்குப் பிறகு என் தம்பியுடன் எட்டு ஆண்டுகள் பேசாமல் இருந்தேன். தினமும் விடியலில் விளக்கேற்றும்போது அந்தச் சண்டைதான் மனத்தில் ஓடும். இன்று அவனுக்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று புதுப்புது வாக்கியங்கள் தோன்றும். ஒரு நாள் குத்துவிளக்கில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தவள், அகல் நிறைந்து, தண்டு வழியாக வழிந்து, கீழே தாம்பாளத்தில் எண்ணெய் தேங்கிய பிறகே கையை நிறுத்தினேன். எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போகும் அளவுக்கு இறுகியிருந்தன. அந்த விரல்களை மட்டும் பார்த்துக்கொண்டு சற்று நேரம் நின்றேன். நிலத்தைப் பற்றிய கோபம் மெல்ல விலக, அதற்கு அடியில் வேறொன்று இருந்தது: அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்த கடைசி நாட்களில் தம்பி எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. அன்று காலை பூசை நடக்கவில்லை, அழுதேன். அவனுக்குத் தொலைபேசியில் பேச அதற்குப் பிறகும் ஏழு மாதங்கள் ஆயின.

மகளிடம் மீண்டும் எரிந்து விழுவீர்கள். ஒரு மாதத்தில் இது மாறாது. அப்படி நேர்ந்தால் அன்றைய பொழுது சாய்வதற்குள் அவளிடம் மன்னிப்புக் கேளுங்கள். "நீ அப்படிச் செய்ததால்தான்" என்ற சொற்களைச் சேர்க்காமல் கேளுங்கள். மன்றத்திலும் சொல்லுங்கள். நீங்கள் வாய் திறந்தால், அங்கே இன்னும் நான்கு பேர் இதையே சொல்வார்கள்.

கேள்வி: பெங்களூரில் வேலை செய்கிறேன், இரண்டு ஆண்டுகளாக யோக வகுப்புக்குப் போகிறேன். "எது வந்தாலும் சாட்சியாக இரு" என்று ஆசிரியர் கற்றுத் தருகிறார். ஆடித் திருவிழாவுக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் கோட்டை மாரியம்மன் கோயிலில் என் அம்மாவுக்கு அருள் வந்துவிடுகிறது. தலைமுடி அவிழ ஆடுகிறார், நான்கு ஆண்டுகளுக்கு முன் விபத்தில் இறந்த அண்ணன் பெயரைச் சொல்லிக் கதறுகிறார். பார்க்க எனக்குச் சங்கடமாக இருக்கிறது. இது ஆன்மிகத்தின் கீழ்ப்படி என்று தோன்றுகிறது. அவரைத் தடுத்து, தியானத்தின் பக்கம் திருப்பலாமா?
– ஒரு வாசகர், கன்னங்குறிச்சி

பதில்: தடுக்காதீர்கள், தம்பி. நீங்கள் சங்கடத்தோடு பார்ப்பதைச் சற்று நெருங்கிப் போய்ப் பாருங்கள். அம்மாவுக்கு அருள் வந்ததும் அவரைச் சுற்றி யார் நிற்கிறார்கள்? வயதான பெண்கள் இருவர் இடுப்பைப் பிடித்துக்கொள்கிறார்கள். கீழே விழுந்தால் அடிபடாதபடி ஒருத்தி பின்னால் நிற்கிறாள். "என்ன தாயி வேணும், சொல்லு" என்று ஒருவர் கேட்கிறார். அவர் கதறுவதைக் கூட்டம் காது கொடுத்துக் கேட்கிறது. யாரும் "அழாதே" என்று சொல்வதில்லை. பிறகு நெற்றியில் திருநீறு, முகத்தில் மஞ்சள் நீர், கையில் வேப்பிலை, குடிக்க ஒரு செம்புத் தண்ணீர். கால் மணி நேரத்தில் முந்தானையைச் சரிசெய்துகொண்டு பொங்கல் பானையின் அடியில் விறகைத் தள்ளப் போய்விடுகிறார். பெருந்துயரத்துக்கு ஒரு நாள், ஓர் இடம், தாங்கிக்கொள்ளச் சில கைகள், ஒரு தொடக்கம், ஒரு முடிவு ஆகிய எல்லாவற்றையும் நம் மாரியம்மன் வழிபாடு ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. பூச்சாட்டுதல் முதல் உருளுதண்டம் வரை ஆடி மாதத்தில் இந்த ஊர் செய்கிற பலவற்றில் உடம்பும் உணர்ச்சியும் சேர்ந்தே கும்பிடுகின்றன. தனியறையில் கண்ணை மூடி அமரும் நம்மைப் போன்றவர்களுக்கு இந்தத் துணை இல்லை; அந்த வகையில் உங்கள் அம்மா நம்மைவிடப் பாதுகாப்பான இடத்தில் அழுகிறார்.

ஆடி முடிந்தும் அவர் சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தாலோ, ஆண்டு முழுவதும் இதே நிலை தொடர்ந்தாலோ கவலைப்பட வேண்டும். நீங்கள் எழுதியிருப்பதில் அதற்கான அறிகுறி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

எனக்குக் கவலை தருவது வேறொன்று. நீங்கள் எழுதியனுப்பிய இரண்டு பக்கக் கடிதத்தில் அம்மா வருகிறார், ஆசிரியர் வருகிறார், யோகம் வருகிறது. அண்ணன் அந்த ஒரு வரியில் மட்டும் வருகிறார், அதுவும் அம்மாவின் வாய் வழியாக. அவருக்காக நீங்கள் அழுதீர்களா? சாட்சியாக இருத்தல் உயர்ந்த பயிற்சி, அதில் ஐயமில்லை. ஆனால் வீட்டுக்குள் வந்த விருந்தாளியை உட்காரவைத்துப் பார்ப்பதற்கும், கதவைச் சாத்திவிட்டு ஜன்னல் வழியாகப் பார்ப்பதற்கும் வேறுபாடு உண்டு. அமெரிக்க உளவியலாளரும் பௌத்தப் பயிற்சியாளருமான ஜான் வெல்வுட், தியானத்தையும் தத்துவத்தையும் பிடித்துக்கொண்டு ஆறாத காயங்களைத் தாண்டிக் குதித்துவிடும் இந்தப் பழக்கத்துக்கு 1980-களில் ஒரு பெயரே வைத்தார். சாதகர்கள் மத்தியில் இருந்து கண்ட அனுபவம் அது.

நம் மரபில் பட்டினத்தாரை நினைத்துக்கொள்ளுங்கள். செல்வத்தையும் குடும்பத்தையும் உதறிக் கோவணத்தோடு கிளம்பியவர், தாய் இறந்த செய்தி கேட்டு வந்து, சிதைக்கு முன் நின்று பாடிய பாடல்களில், பத்து மாதம் சுமந்ததையும் தொட்டிலிலும் தோளிலும் மார்பிலும் தாங்கியதையும் ஒவ்வொன்றாகச் சொல்லிக் குமுறுகிறார். சுமந்து பெற்ற அந்த உடலுக்கா நெருப்பு வைப்பேன் என்று கேட்கிறார். அவருடைய துறவு அதனால் குறைந்துவிட்டதாகத் தமிழர் யாரும் சொன்னதில்லை.

அடுத்த ஆடிக்கு வரும்போது ஐந்தடி தள்ளி நிற்காதீர்கள். அம்மாவின் இடுப்பைப் பிடித்துக்கொள்ளும் கைகளில் ஒன்று உங்களுடையதாக இருக்கட்டும்.

கேள்வி: என் கணவர் காப்பித் தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் டிசம்பரில், பழம் பறிப்பு நடந்துகொண்டிருந்தபோது, மாரடைப்பில் போய்விட்டார். அன்றிலிருந்து மாலையில் செபமாலை சொல்ல உட்கார்ந்தாலே ஆண்டவர் மீது ஆத்திரம் வருகிறது. "எல்லாம் அவர் சித்தம்" என்று வருகிறவர்கள் சொல்லும்போது எழுந்து போய்விடலாமா என்று இருக்கிறது. இப்படி நினைப்பதே பாவமோ என்ற பயத்தில் இப்போது செபமும் சொல்வதில்லை. நவம்பர் வந்தாலே உடம்பு நடுங்குகிறது.
– ஒரு வாசகி, ஏற்காடு

பதில்: அம்மா, ஆண்டவரிடம் ஆத்திரப்பட்ட முதல் ஆள் நீங்கள் இல்லை. உங்கள் திருவிவிலியத்திலேயே அந்த ஆத்திரம் செபமாக எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. 13-ஆம் திருப்பாடல், இன்னும் எத்தனை காலம் என்னை மறந்திருப்பீர் என்று நேராகக் கேட்டுத்தான் தொடங்குகிறது. 88-ஆம் திருப்பாடலைப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். துயரப் பாடல்களில் பெரும்பாலானவை கடைசியில் எப்படியோ நம்பிக்கைக்குத் திரும்பிவிடுகின்றன, இது திரும்புவதில்லை. இரவும் பகலும் கூப்பிட்டவன், உற்றாரும் விலகிப்போய், இருட்டில் நிற்பதோடு பாடல் முடிந்துவிடுகிறது. ஆறுதலான ஒரு வரியைக் கடைசியில் ஒட்டவைக்க எவ்வளவோ காலம் இருந்தும் யாரும் ஒட்டவைக்கவில்லை. அப்படியே செப நூலுக்குள் அனுமதித்தார்கள். நீங்கள் இப்போது இருக்கும் இடத்தில் முன்பே ஒருவர் நின்று செபித்திருக்கிறார் என்பதற்கு அந்தப் பாடல் சான்று.

நான் சைவக் குடும்பத்தில் வளர்ந்தவள். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குச் சுந்தரர் நினைவு வந்தது. இரண்டு கண்களும் பார்வை இழந்து, காஞ்சிபுரத்தில் ஒரு கண்ணை மட்டும் பெற்றுத் திருவாரூர் வந்து சேர்ந்தவர், அங்கே சிவபெருமான் முன் நின்று பாடிய பதிகத்தில், உமக்கே மீளாத அடிமையாகி வேறு யாரையும் வேண்டாதவர்கள், "மூளாத் தீப்போல் உள்ளே கனன்று" வாடி வந்து துன்பத்தைச் சொன்னால் பேசாமல் இருக்கிறீரே, நீரே வாழ்ந்து போம் என்கிறார். சுவாலையாக மூளாமல் உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருக்கும் தீ. உங்கள் இரண்டு ஆண்டுகளுக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லை நான் அறியேன். அந்த வசவு இன்றும் சிவன் கோயில்களில் தேவாரமாக ஓதப்படுகிறது. ஒன்றைக் கவனியுங்கள்: அவர் கோயிலை விட்டுப் போகவில்லை. எதிரே நின்று, முகம் பார்த்து, நேராகத் திட்டினார். உறவு முறிந்தவர்கள் திட்டுவதில்லை, பேச்சையே நிறுத்திவிடுவார்கள். உங்கள் ஆத்திரத்தைப் பற்றி எனக்கு அச்சமில்லை, அம்மா. நீங்கள் செபத்தை நிறுத்தியதுதான் எனக்கு வருத்தம்.

ஐம்பத்து மூன்று மணிகளையும் சொல்லி முடிக்க வேண்டும் என்று இப்போது கட்டாயப்படுத்திக்கொள்ள வேண்டாம். ஒரு மணியை மட்டும் விரலுக்குள் பிடித்துக்கொண்டு, அவரிடம் சொல்ல வேண்டியதை உங்கள் பேச்சுத் தமிழிலேயே, அடுத்த வீட்டுக்காரரிடம் நியாயம் கேட்பது போலக் கேளுங்கள். அழுகை வந்தால் அழுங்கள். ஒன்றும் வராமல் வெறுமையாக இருந்தால் மணியைப் பிடித்தபடி உட்கார்ந்திருங்கள். "எல்லாம் அவர் சித்தம்" என்பவர்களுக்குப் பதில் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. அவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள் என்றாலும், தன் துக்கத்துக்குத் தானே சொல்லிக்கொள்ள வேண்டிய சொல்லை இன்னொருவர் வாயால் கேட்பது கொடுமையாகத்தான் இருக்கும்.

நவம்பர் வந்தால் உடம்பு நடுங்குவதில் வியப்பில்லை. செடியில் பழம் சிவக்கும் நிறம், கூடைகளோடு ஆட்கள் இறங்கும் சத்தம், களத்தில் உலரும் காப்பியின் புளித்த வாசனை என்று மலை முழுவதும் அந்த நாளை உங்களுக்கு நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது. நாட்காட்டியைப் பார்ப்பதற்கு முன்பே உடம்பு அறிந்துகொள்கிறது. இந்த ஆண்டு அந்தப் பருவத்தைத் தனியாகக் கடக்க முயலாதீர்கள். நவம்பர் தொடக்கத்திலேயே மகளையோ தங்கையையோ வரவழைத்துக்கொள்ளுங்கள். நினைவுத் திருப்பலிக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அவரோடு வேலை செய்த ஒருவரை வீட்டுக்கு அழைத்து, அவர் தோட்டத்தில் எப்படி இருப்பார் என்று சொல்லச் சொல்லிக் கேளுங்கள். நீங்கள் அறியாத அவரை அன்று சற்று அறிந்துகொள்வீர்கள்.

கேள்வி: கிருத்திகைதோறும் எங்கள் குழு திருப்புகழ் பாடுகிறது. புதிதாகச் சேர்ந்த ஒருவருக்கு நல்ல சாரீரம். எல்லாரும் அவரையே பாடச் சொல்கிறார்கள். முருகன் சந்நிதியில் நின்றுகொண்டே பொறாமைப்படுகிறேனே என்று கூசுகிறது. போகாமல் இருந்துவிடலாமா?
– ஒரு வாசகர், சூரமங்கலம்

பதில்: போகாமல் இருந்தால் பொறாமை வீட்டில் உங்களோடு தனியாக இருக்கும், அது இன்னும் மோசம். பதஞ்சலி தம் யோக சூத்திரத்தில், மனம் தெளிய வேண்டுமானால் சுகமாக இருப்பவரிடம் நட்பும், துன்பப்படுபவரிடம் கருணையும், நற்பண்பு உடையவரிடம் மகிழ்ச்சியும், தீயவரிடம் ஒதுங்கிய நிலையும் வேண்டும் என்கிறார். இவற்றில் கருணை நமக்கு எளிதாக வந்துவிடுகிறது. அடுத்தவர் நன்றாக இருப்பதைக் கண்டு மகிழ்வதுதான் கடினம். ஆகவே அதைச் செயலில் தொடங்குங்கள். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த, அவருக்குத் தெரியாத ஒரு பாடலின் சந்தத்தை அவருக்குச் சொல்லிக் கொடுங்கள். சுகவனேசுவரர் கோயில் முருகனையும் அருணகிரிநாதர் பாடியிருக்கிறார். நம் ஊர்ப் பாடலிலிருந்தே ஆரம்பிக்கலாம். முதல் நாள் வேண்டாவெறுப்பாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

கேள்வி: மூன்று மாதங்களுக்கு முன் 10 நாள் மௌனத் தியான முகாமுக்குப் போனேன். ஏழாம் நாள் காரணமில்லாத பயம் வந்தது. "பார்த்துக்கொண்டே இரு, போய்விடும்" என்றார்கள். முகாம் முடிந்த மறுநாளே இரவுப் பணிக்குத் திரும்பினேன். இப்போது இரவில் இரண்டு மணி நேரம்கூடத் தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது, சில நேரம் நான் நானில்லை என்பது போல இருக்கிறது. இன்னும் அதிக நேரம் தியானம் செய்தால் சரியாகுமா?
– ஒரு வாசகர், ஓமலூர்

பதில்: செய்யாதீர்கள், தம்பி. இன்றே தியானத்தை நிறுத்துங்கள். மற்றவர்களுக்கு உணர்ச்சியோடு இருந்து பழகுங்கள் என்று எழுதிய நானே உங்களுக்கு இதைச் சொல்கிறேன். ஏனென்றால் உங்கள் நிலை வேறு. ஒரு நாளில் பல மணி நேரம் பேசாமல் அமரும் தீவிரப் பயிற்சியில் சிலருக்குப் பயமும் தூக்கமின்மையும் தன்னிலை மறந்தது போன்ற உணர்வும் வருவதுண்டு. இது உங்கள் குறையோ கர்மவினையோ அன்று. ஜப்பானிய ஜென் குரு ஹகுயின், இளமையில் அளவு மீறிய தியானத்தால் தாம் நோயுற்றதையும், பிறகு அதற்கு வைத்தியம் தேடிப் போனதையும் வெளிப்படையாக எழுதி வைத்தார். குருமார்களே ஒளிக்காததை நாம் ஏன் ஒளிக்க வேண்டும்?

முதலில் மருத்துவரைப் பாருங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. முகாமுக்குப் போனதையும் அங்கே நடந்ததையும், குடும்பத்தில் யாருக்கேனும் மனநோய் இருந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். நள்ளிரவில் தாங்க முடியாமல் போனால் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணை அழையுங்கள். 24 மணி நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம். செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒரு கணம் எட்டிப் பார்த்தாலும், விடியும் வரை காத்திராமல் வீட்டில் உள்ளவரை எழுப்பி உடனே சொல்லுங்கள். மாத்திரை கொடுத்தால் சாப்பிடுங்கள். மாத்திரை சாப்பிட்டால் சாதனை கெட்டுவிடும் என்று யாராவது சொன்னால், அவர் பேச்சைக் கேட்க வேண்டாம்.

ஏற்காட்டு மலைப்பாதையில் பேருந்து ஓட்டுபவர்கள், ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பார்கள். அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளிலும், வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்துவதில்லை. முன்னதாகவே கியரைக் குறைத்து மெல்ல இறங்குகிறார்கள். 10 நாள் மௌனத்திலிருந்து நேராக இரவுப் பணிக்கு வந்தது, மலை உச்சியிலிருந்து நியூட்ரலில் உருட்டிவிட்டது போல ஆகிவிட்டது. உங்களை அனுப்பிவைத்தவர்கள் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

மேலதிகாரியிடம் மருத்துவச் சான்றைக் காட்டிச் சில வாரங்களுக்குப் பகல் பணி கேளுங்கள். வேளைக்குச் சூடான சோறு சாப்பிடுங்கள். மாலையில் வெறுங்காலோடு வயல் வரப்பில் நடங்கள், வீட்டில் தண்ணீர் சுமந்து கொடுங்கள், மாட்டுக்குத் தீனி வையுங்கள். உடம்பைக் கனமாக உணரவைக்கும் எந்த வேலையும் நல்லது. கண்ணை மூடாதீர்கள். கும்பிடத் தோன்றினால் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, நாலு பேர் இருக்கும் கோயிலில், வாய்விட்டுப் பாடுங்கள். மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு, அனுபவமுள்ள ஒருவரின் பக்கத்தில் இருந்து, ஐந்து நிமிடங்களில் மீண்டும் தொடங்குவதைப் பற்றி யோசிக்கலாம். தூக்கம் திரும்பியதும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அதுவரை தியானப் பாயைச் சுருட்டிப் பரணில் வைத்திருங்கள்.